கேட்டு வாங்கிய இருட்டு

பந்தல்காரர் சங்கிலி வாசல் கம்பத்தில் மூன்றாவது ட்யூப்லைட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பிலோமினா நிலைப்படிக்கு உள்ளேயே நின்றுகொண்டு, அது வேண்டாம், கட்டினதையும் கழற்றுங்கள் என்றாள். சங்கிலி ஏணியில் நின்றபடியே அவளைத் திரும்பிப் பார்த்தார். கூடலூரில் பாதித் துக்க வீடுகளுக்கு அவர்தான் பந்தல். மயங்கி விழுகிற வீடு, மாலை போடுவதில் யார் முதல் என்று அடித்துக்கொள்கிற வீடு எல்லாம் பார்த்தாயிற்று. வெளிச்சம் வேண்டாம் என்று சொன்ன வீட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறார். சரிம்மா என்று சொல்லிவிட்டு, கழற்றாமல் இறங்கிப் போய் டீ குடித்தார். துக்கத்தில் இருக்கிற பொம்பளை பேச்சை எவன் கணக்கில் எடுப்பான்.

உள்ளே ஹாலில் குளிர்பெட்டிக்குள் ஆண்டனி ராஜ் படுத்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் முகம் கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பம் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகன் அருண் ஜோசப் மஸ்கட்டிலிருந்து விடிகாலையில்தான் வந்து சேருவான். அதனால் அடக்கம் நாளைக்குப் பத்து மணிக்கு என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆக, அவர் இந்த வீட்டில் இருக்கப்போவது இன்று ஒரு ராத்திரி. அந்த ராத்திரியில் பிலோமினாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். அவர் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்ததை, அவர் வீட்டில் இருக்கும்போதே, தானும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது வானத்தில் ஒரு புகை. அப்படித்தான் அவள் சொல்லுவாள். வயதாகிப்போன நட்சத்திரம் ஒன்று தன் மேல்தோலையெல்லாம் ஊதி வெளியே தள்ளிவிட்டு, நடுவில் ஒரு பொட்டாகச் சுருங்கி நிற்கிறது. தள்ளின வாயு சுற்றிலும் விரிந்துகொண்டே போகிறது. நம் சூரியனுக்கும் கடைசியில் இதே கதிதான் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவார். சாப்பிடும்போது சாவு பேச்சு எதுக்கு என்று அவள் குழம்பை ஊற்றுவாள். அந்தக் காலத்தில் தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கு அது கிரகம் மாதிரித் தெரிந்ததால் கிரக நெபுலா என்று பேர் வைத்துவிட்டார்களாம். கிரகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாதாம். அதிலும் இவருக்குப் பிடித்த ஒன்றுக்கு வியாழனின் ஆவி என்று பட்டப்பேர். மாதா படம் மாட்டின வீட்டில் ஆவி, கீவி என்று பேசாதீர்கள் என்று பிலோமினா அதற்கும் ஒரு சண்டை போட்டிருக்கிறாள்.

கல்யாணமான புதிதில் சின்னத் தொலைநோக்கி ஒன்றில் அதைக் காட்டினார். அவள் அப்போது கடமலைக்குண்டில் கிராம நர்ஸ். முந்தின நாள் முழுக்க ஒரு பிரசவத்துக்காக விழித்துவிட்டு வந்திருந்தாள். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, சளிக் கோப்பையில் துப்பின மாதிரி இருக்கிறது என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் பார்க்கக் கூப்பிடவே இல்லை. வாயால் சொல்லுவதோடு நிறுத்திக்கொண்டார். அவளும் கேட்கவில்லை. பிள்ளை, ட்யூட்டி, மாமியார் என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

மதியம் ஆம்புலன்ஸில் அவரோடு திரும்பி வந்ததுமே அவள் கர்ணனுக்குப் போன் செய்து, தொலைநோக்கியைக் கொண்டுவாருங்கள் என்றாள். கர்ணன் திராட்சைத் தோட்டக்காரர். இரண்டு மூன்று வருஷமாக வாத்தியார் வானம் பார்த்தது அவர் தோட்டத்தில்தான். வாத்தியார் தானே கண்ணாடி தேய்த்துச் செய்த பெரிய தொலைநோக்கி அங்கே மோட்டார் ரூமில்தான் இருந்தது. நர்சம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று கர்ணனுக்குப் பயம். இருந்தாலும் போர்வை சுற்றி, குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். போர் குழாயை எதுக்கப்பா கேத வீட்டுக்குத் தூக்கிட்டு வாராரு என்று ஒருவர் கேட்டார். கர்ணன் அதை மாடிக்கு ஏற்றினார்.

மாடிக்கு ஏற்றியும் பிரயோசனம் இல்லை. மாதா கோயில் முக்கில் பனைமர உயரத்தில் ஹைமாஸ் லைட் நிற்கிறது. ஆள் ஊசி கோர்க்கலாம், அவ்வளவு வெளிச்சம். அது விழுகிற இடம் நேராக இவர்கள் மொட்டைமாடி. அந்த விளக்கைக் கொண்டுவந்தவர் வாத்தியாரின் சொந்தத் தம்பி, கவுன்சிலர் சுந்தர்ராஜ். அதற்கு ஒரு மூடி போடச் சொல்லு, இல்லையென்றால் ராத்திரி ஒரு மணி நேரமாவது அணைக்கச் சொல்லு என்று அண்ணன் நாலு பேர் முன்னால் கேட்டார். ஊரே வெளிச்சம் கேட்குது, இருட்டு கேட்கிற ஒரே ஆளு எங்கண்ணன்தான் என்று தம்பி அதே நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. கிறிஸ்மஸ் கேக் கூட இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகவில்லை. தொலைநோக்கி கர்ணன் தோட்டத்துக்குப் போனது அப்போதுதான்.

தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றார் கர்ணன், மெதுவாக. போகலாம்தான். ஆனால் பிணம் எடுக்கிற வரைக்கும் பொண்டாட்டி வாசப்படி தாண்டக் கூடாது. வேதத்தில் எங்கேயும் அப்படி எழுதியிருக்கவில்லை; இருந்தாலும் வேதக்காரர் வீடானாலும் மற்ற வீடானாலும் இந்தப் பக்கம் அதுதான் வழக்கம். பிலோமினா எத்தனையோ வழக்கத்தை மீறினவள்தான். இன்றைக்கு அவரைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போக அவளுக்கே மனசில்லை.

சுந்தர்ராஜ் மதியத்திலிருந்து இங்கேதான் இருந்தார். சாமியாரைப் பார்த்தது, குழி தோண்டச் சொன்னது, பெட்டி கொண்டுவந்தது எல்லாம் அவர்தான். ஆனால் அண்ணன் முகத்துக்கு நேராக வந்து நிற்கவில்லை. கால்மாட்டிலேயே நின்றார். பிலோமினா அவரை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். கூடவே நாத்தனார் ஞானசௌந்தரியும் வந்தாள். அவள் இந்த இரண்டு ஆண்களுக்கும் மூத்தவள். கூப்பிடாமல் எங்கேயும் வரக்கூடியவள்.

"தம்பி, செபமால முடிஞ்சதும் அந்த ஹைமாஸ் லைட்ட ஒரு கா மணி நேரம் அமத்தணும்" என்றாள் பிலோமினா.

சுந்தர்ராஜின் முகம் சுருங்கிவிட்டது. அண்ணன் செத்த அன்றைக்கே குத்திக் காட்டுகிறாளே என்று நினைத்திருப்பார்.

"இன்னைக்கா மதினி?"

"இன்னைக்குத்தான். நாளைக்கு அவுக இங்கன இருக்க மாட்டாக."

எதற்கு என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஞானசௌந்தரி பிடித்துக்கொண்டாள். பிணம் கிடக்கிற தெருவை இருட்டாக்குவதா, எந்த ஊரில் இருக்கிறது இந்தக் கூத்து, சொந்தக்காரர்கள் காறித் துப்ப மாட்டார்களா, என் தம்பிக்கு ஒரு வெளிச்சத்துக்குக்கூட வக்கில்லையா என்று மூச்சுவிடாமல் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். பிலோமினா அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு சுந்தர்ராஜைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஆஸ்பத்திரியில மூக்குல மாஸ்க் வச்சிருந்தாக. அத வெலக்கிட்டு, பக்கத்துல நின்ன ஆக்சிஜன் சிலிண்டர வெரலால தட்டுனாக. 'மேல இருக்கதும் இதேதான் பிலோமி'ன்னாக. பேசாதீக, மாஸ்க்க வைங்கன்னு நா அதட்டிட்டேன். அதுக்கப்புறம் பேசவே இல்ல தம்பி. அதான் கடசிப் பேச்சு. எத இதேதான்னாகன்னு நா பாக்க வேணாமா?"

ஹாலில் குளிர்பெட்டி உறுமுகிற சத்தம் கேட்டது. சுந்தர்ராஜ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

விளக்கை அணைப்பது நினைத்த மாதிரி லேசாக இல்லை. அது தானாக எரிந்து தானாக அணைகிற விளக்கு. அதன் சுவிட்ச் பெட்டியின் சாவி தேனியில் ஒரு காண்ட்ராக்டரிடம் இருந்தது. அந்த ஆள் போனை எடுக்கவில்லை. அப்படியானால் டிரான்ஸ்பார்மரில் பீஸைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் தெரு முழுக்கப் போகும். குளிர்பெட்டியும் போகும். சுந்தர்ராஜ் மின்வாரிய இன்ஜினீயருக்குப் போன் செய்து, துக்க வீடு என்று மட்டும் சொல்லிக் கெஞ்சி அனுமதி வாங்கினார். கவுன்சிலர் கெஞ்சுவதை லைன்மேன் தங்கபாண்டி அன்றைக்குத்தான் கேட்டார். குளிர்பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் கொஞ்ச நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் குளிர் நிற்கும் என்று சங்கிலி உறுதி சொன்னார். சொல்லிவிட்டு, தானாகவே போய் மூன்று ட்யூப்லைட்டையும் கழற்றினார்.

பொழுது சாய்ந்தது. பங்குனி மாத வெக்கை. குமுளி மலைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வருவதாக மாடியிலிருந்து கர்ணன் சொல்லியனுப்பினார். கீழே செபமாலை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. அருள் நிறைந்த மரியே என்று ஒரு பக்கம் சொல்ல, அர்ச்சிஷ்ட மரியாயே என்று மறுபக்கம் இழுத்தது. கிழவிகள் ராகம் போட்டு நீட்டினார்கள். பிலோமினா வாழ்க்கையில் முதல் தடவையாக, செபமாலை சீக்கிரம் முடியட்டும் தாயே என்று மாதாவிடமே வேண்டிக்கொண்டாள்.

முடிந்தது. தலைமாட்டில் இரண்டு, கால்மாட்டில் இரண்டு என்று மெழுகுவத்திகளைப் புதிதாக ஏற்றினார்கள். சுந்தர்ராஜ் வாசலிலிருந்து அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு டிரான்ஸ்பார்மரை நோக்கிப் போனார்.

முதலில் குளிர்பெட்டியின் உறுமல் நின்றது. அது நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. ஃபேன்கள் சுற்றி ஓய்ந்தன. கோயில் முக்கிலிருந்து வந்துகொண்டிருந்த வெள்ளை வெளிச்சம் ஜன்னலை விட்டுப் போனது. மெழுகுவத்திச் சுடரில் அவர் முகம் தூங்குகிற முகமாக இருந்தது. போய்ப் பார்த்துட்டு வந்துர்றேன் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அவள் அடுக்களைப் படிவழியே மாடி ஏறினாள். படி வீட்டுக்குள் இருப்பதால் வாசப்படி தாண்டின கணக்கில் வராது. மூட்டு வலிக்க வலிக்க, ஞானசௌந்தரியும் பின்னாலேயே ஏறினாள்.

மாடியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் மலை கறுப்பாக எழும்பி நிற்க, நடுவில் வானம் முழுக்க நட்சத்திரம். இத்தனையும் இங்கேதான் இருந்ததா என்று இருந்தது அவளுக்கு. இந்த மாடியில் அவள் மிளகாய் காயப்போட்டிருக்கிறாள், வடாம் பிழிந்திருக்கிறாள். தலைக்கு மேலே இவ்வளவு கூட்டம் நின்றது தெரியவில்லை.

கர்ணன் தொலைநோக்கியின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். தள்ளித் தள்ளித் தேடினார். இல்லை. மறுபடியும் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அங்கிருந்து இறங்கினார். அங்கேயும் இல்லை. மேகம் தெற்கே ஒரு நட்சத்திரத்தைத் தின்றுவிட்டு அடுத்ததுக்கு வந்துகொண்டிருந்தது. கர்ணன் குழாயைப் பழைய இடத்துக்கே திருப்பினார். சார் இல்லாமல் தான் தேடினதே இல்லை என்றார். பிலோமினா மேகத்தைப் பார்த்தாள். ஊரையே இருட்டாக்கியாயிற்று, அண்ணன் தம்பி மானத்தை ஒரு பீஸ் கம்பியில் தொங்கவிட்டாயிற்று, கடைசியில் பார்க்க முடியாமலே போகப்போகிறதா? பிரசவத்தில் கை நடுங்குகிற சின்ன நர்ஸ்களிடம் பேசுகிற குரலில், அவசரமில்லை, மூச்சை விட்டுவிட்டு நிதானமாகப் பாருங்கள் என்று கர்ணனிடம் சொன்னாள். அவசரம் இல்லாமல் என்ன, இருந்தாலும் சொன்னாள்.

"இந்தா... இந்தா இருக்கும்மா" என்றார் கர்ணன். எழுந்து விலகினார்.

பிலோமினா குனிந்து கண்ணை வைத்தாள். கறுப்பு. அவள் இமை முடியே குறுக்கே நின்றது. இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள். பிறகு தெரிந்தது.

பச்சை. அதில் லேசாக நீலம். அந்த நிறத்தில் அவள் சேலை பார்த்ததில்லை, பறவை பார்த்ததில்லை. தெளிவான சின்ன வட்டம். அதற்குள்ளே முட்டை வடிவத்தில் ஒரு வளையம், வட்டத்தைவிட வெளிச்சமாக. நேராப் பாக்காதீக, கொஞ்சம் ஓரமாப் பாருங்க என்றார் கர்ணன். பார்வையை நகர்த்தினாள். வட்டத்துக்கு வெளியே மெல்லிசாக இன்னொரு படலம் விரிந்தது. நட்ட நடுவில் குண்டூசி முனையளவு ஒரு புள்ளி அசையாமல் நின்றது. வருசநாட்டில் ஒரு விடியற்காலையில் பனிக்குடம் உடையாமல் அப்படியே வந்து விழுந்த குழந்தையை அவள் இரண்டு கையிலும் ஏந்தியிருக்கிறாள். சவ்வுக்குள்ளே அது கண்ணை மூடிக்கொண்டு அமைதியாக இருந்தது. அன்றைக்கு வந்த அதே நடுக்கம் இன்றைக்கும் வந்தது.

வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்கிற வாத்தியாரின் சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கர்ணன் அவள் கண்ணுக்கும் குழாய்க்கும் நடுவில் வைத்தார். சுற்றியிருந்த நட்சத்திரமெல்லாம் வானவில் நூலாக இழுபட்டுப் போனது. அது மட்டும் இழுபடவில்லை. இரண்டு உருண்டையாகப் பிரிந்து நின்றது. பிரகாசமாய்ப் பச்சையாக ஒன்று, பக்கத்தில் மங்கலாய் நீலமாக இன்னொன்று.

"எது கர்ணன்?"

"பச்ச. அதான் ஆக்சிஜன். நீலம் ஹைட்ரஜன்."

அந்தப் பச்சையைப் பற்றி அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார். அது என்னவென்று தெரியாமல், பூமியில் இல்லாத புதுத் தனிமம் என்று நினைத்துப் பெரிய பெரிய வேதியியல்காரர்களே அதற்கொரு பேரும் வைத்துவிட்டார்களாம். ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்ததாம், நாம் சுவாசிக்கிற ஆக்சிஜன்தான் என்று. அங்கே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள முடியாத அளவுக்கு அணுக்கள் தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன, யாரும் வந்து இடிக்காமல் தனியாக விட்டால்தான் ஆக்சிஜன் அந்தப் பச்சையைக் காட்டும் என்பார். அவள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்திருக்கிறாள்.

முப்பது வருஷம் அவள் கைவழியாகப் போனது அது. பிறந்து அழாத பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறாள். இழுப்பு வந்த கிழவர்களுக்கு வைத்திருக்கிறாள். இன்றைக்குக் காலையில் அவருக்கும் அவள் கையாலேயே சரிசெய்து வைத்தாள். சிலிண்டரைத் தூக்கியிருக்கிறாள், முள்ளைப் பார்த்திருக்கிறாள், புஸ்ஸென்று வருகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். அதைக் கண்ணால் பார்த்தது கிடையாது. யாருமே பார்த்தது கிடையாது என்றுதான் நினைத்திருந்தாள். இங்கேயோ எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் புறப்பட்டு, அது தன் நிறத்தோடு அவள் கண்ணுக்குள் வந்து சேருகிறது. கடவுளே என்றாள்.

அவள் வெகுநேரம் நிமிரவில்லை. ஞானசௌந்தரி தோளைத் தொட்ட பிறகுதான் விலகினாள். நாத்தனார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கோயிலில் நற்கருணை வாங்கப் போகிறவள் போலக் குனிந்தாள். பார்த்தாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டாள். இதையா எந்தம்பி பாத்துக்கிட்டு இருந்தான் என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. பிறகு மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏலே சுந்தரு. மேல வா."

டிரான்ஸ்பார்மரடியிலிருந்து அவர் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் பிலோமினா இன்னொரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு சுந்தர்ராஜ் வந்தார். அணைந்து நின்ற தன் விளக்குக் கம்பத்தை ஒரு தரம் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கண்ணை வைத்தார்.

"ஒண்ணும் தெரியலயே மதினி. கலங்கலாத் தெரியுது."

மேகம் வந்துவிட்டதா என்று கர்ணன் பதறிப்போய் மேலே பார்த்தார். மேகம் இன்னும் எட்டவில்லை. குனிந்து கண் வைக்கிற இடத்தை விரலால் தொட்டார். தொட்ட விரலைப் பார்த்தார், ஈரம். தோள்துண்டின் உலர்ந்த முனையை எடுத்து, அந்தக் கண்ணாடியை மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டு, இப்பப் பாருங்க என்றார்.

சுந்தர்ராஜ் மறுபடியும் குனிந்தார். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. முதுகு மட்டும் ஒருமுறை குலுங்கியது.

கீழே தெருவிலிருந்து தங்கபாண்டியின் குரல் கேட்டது. நேரமாச்சுண்ணே, போட்டுரவா என்றார்.

பிலோமினா சுவரோரம் வந்தாள். தெரு முழுக்க ஆட்கள் இருட்டில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இருங்க தங்கபாண்டி. தம்பி இப்பத்தான் பாக்குறாக."

கீழே யாரோ டார்ச்சை அடித்தார்கள். பக்கத்தில் நின்றவர் அதைக் கையிலிருந்து வாங்கி அணைத்தார்.